கையுறையில் ஒரு துளை

கூட்டம் இரண்டரை மணிக்கு.
ஜன்னலுக்கு வெளியே வாடன் கடல் வற்றிக் கிடந்தது,
ஹார்லிங்கன் துறையின் சேற்றில் ஒரு படகு ஒருக்களித்து.
குறிப்பு எழுதுவது என் வேலை. வாக்கு எனக்கில்லை.

பொருள் மூன்று: ஃபென்னா போஸ்துமாவின் விண்ணப்பம்.
பறவைக் காய்ச்சல் கிருமியை
மூச்சுக் காற்றில் தாவப் பழக்க வேண்டும்,
பூட்டிய அறையில், ஃபெரட் கூண்டுகளுக்கு இடையே.
"மரபணுவில் எந்த எழுத்து மாறினால்
அது நம்மிடம் வரும் என்று தெரிந்தால்
வாத்துப் பண்ணைகளில் அந்த எழுத்தைத் தேடலாம்."
"தேடுவதற்காக அதை நீங்களே எழுதப் போகிறீர்கள்"
என்றார் பேராசிரியர் வியார்டா.
இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதினேன்.
ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால்
கீழே இருப்பது தோற்றதுபோல் தெரிகிறது.
அதற்கு நான் பொறுப்பல்ல.

பிறகு அந்தத் தாளை எடுத்தார்கள்.
நவம்பர் பதினொன்று, மாலை ஆறு இருபது.
இடது கை, வெளியுறை, சுண்டுவிரல் நுனி.
கடுகு நுழையாத துளை.
யாரும் பார்க்கவில்லை, கேமரா அந்தப் பக்கம் இல்லை.
அவளே கண்டு, அவளே எழுதி, அவளே கையெழுத்திட்டு
பத்து நாள் வீட்டு மாடியில் தனித்திருந்தாள்.
மகன் படிக்கட்டில் சூப்பை வைத்துவிட்டு
கதவைத் தட்டாமல் இறங்கிப் போவானாம்.
இது தாளில் இல்லை,
காபி இயந்திரத்தின் பக்கத்தில் சொன்னது.

"துளை விழுந்த ஆய்வகம்" என்றார் வியார்டா.
அவருடையதில் பதினாறு ஆண்டுகளாக
ஒரு துளையும் பதிவாகவில்லை.
'பதிவாகவில்லை' என்றே எழுதினேன்.
'விழவில்லை' என்று திருத்தச் சொன்னார்.

ஊர்மக்கள் சார்பில் டௌவே.
மதகுக் காவலர். முப்பத்தோரு ஆண்டு
கடலை உள்ளே விடலாமா வேண்டாமா என்று
நாளுக்கு நான்கு முறை முடிவெடுத்தவர்.
போன குளிர்காலத்தில் அவர் தம்பியின் வாத்துகள்,
நாற்பதாயிரம்,
ஒரே மதியத்தில் வாயு அடைத்துக் கொல்லப்பட்டன.
லாரிகள் போன பின்பும் தம்பி
வெறும் கொட்டகையில் விளக்கை அணைக்காமல்
ஒரு வாரம் எரியவிட்டிருந்தான்.
டௌவே 'இல்லை' என்பார் என்று
அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தேவிட்டேன்.

"என் மதகு ஒழுகாது என்பவனை
நான் வேலைக்கு வைத்ததில்லை.
ஒழுகுது, இங்கே, இவ்வளவு என்று
ராத்திரி என்னை எழுப்பிச் சொல்கிறவன் வேண்டும்.
இந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.
சொன்னதற்காகக் கதவைச் சாத்தினால்
அடுத்த துளையை யார் சொல்வார்?"
பேனாவை எடுத்தேன்.
"எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அதையும் எழுதுங்கள்."
படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
ஆம், இல்லை, விலகல்.
ஓரத்தில், சின்ன எழுத்தில், எழுதினேன்.

ஐந்துக்கு நான்கு. மறுப்பு.
ஃபென்னா தாள்களை அடுக்கினாள்,
மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை,
அதற்கப்புறமும்.

ஏப்ரலில் மணல்திட்டில் பதினான்கு சீல்கள் செத்து ஒதுங்கின.
சோதித்த இடத்திலிருந்து தொலைபேசி:
எந்த எழுத்தைத் தேடுவது என்று
உங்கள் ஆட்கள் யாராவது சொல்ல முடியுமா?
கோப்பை எடுத்தேன். பொருள் மூன்று.
மறுத்தது தவறு என்று சொல்ல என்னால் முடியாது.
அனுமதித்திருந்தால்
வேறு மாதிரி ஓர் ஏப்ரல் வந்திருக்கலாம்,
அதற்குக் குறிப்பெழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இந்த ஆண்டு, கட்டடம் முழுவதும்,
பதிவான கையுறைத் துளைகள்: பூஜ்யம்.
தலைவர் பாராட்டைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்.
சேர்த்தேன்.
எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.
டௌவே தட்டவில்லை, தன் கைகளை விரித்து
விரல் நுனிகளை ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.